இரண்டு நிலா உலகத்துக்கு ஒரு காலண்டர்

"கம்ப்யூட்டர் வாங்கிவிட்டோம். படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம். வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களிடம் எக்ஸெல் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. எக்ஸெல் என்றாலே ஆபீஸ், சம்பளப் பட்டியல் என்று மனதில் பதிந்திருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த மாதம் என் வீட்டில் நடந்த கதையைச் சொல்கிறேன். கதை என்றால் நிஜமாகவே கதை.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கதை நடப்பது நம் பூமியில் இல்லை. அந்த உலகத்து வானத்தில் இரண்டு நிலாக்கள். பெரிதாக வெள்ளையாக இருப்பது பாலி. சிறியதாகச் செம்பு நிறத்தில் இருப்பது செம்பி. ஏழு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு இரவில்தான் இரண்டுக்கும் சேர்ந்து பௌர்ணமி வரும். அன்று மட்டும் மலைக்கோட்டையின் கதவு திறக்கும். மொத்தக் கதையும் அந்தக் கதவை நம்பித்தான் நகர்கிறது.

ஒரு நாள் பார்த்தால் நோட்டு அலமாரியில் பழைய புத்தகங்களுக்கு அடியில் கிடக்கிறது. விசாரித்தேன். பக்கத்து பெஞ்ச் தோழி கதையைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "பாலிக்கு முப்பது நாளைக்கு ஒரு பௌர்ணமி, செம்பிக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு பௌர்ணமின்னு நீதானே எழுதியிருக்கே? அப்போ அறுபது நாளைக்கு ஒரு தடவை ரெண்டும் சேர்ந்து வந்துடுமே. எதுக்கு ஏழு வருஷம் காத்திருக்காங்க?"

30, 12 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. கேள்வி ரொம்பச் சரி. கதை அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "இனிமே எழுத மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

பெரிய எழுத்தாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். "லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" எழுதிய டோல்கீன் 1944ல் கதையின் பின்பகுதியை எழுதும்போது, பிரிந்துபோன இரண்டு குழுக்களும் பார்க்கும் நிலா ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். ஒரு ஊரில் நிலா உதிக்கும் அதே நேரத்தில் இன்னொரு ஊரில் அஸ்தமிக்கிறது! முன்பு எழுதிய அத்தியாயங்களில் சில பகுதிகளைத் திருத்த ஒரு பிற்பகல் முழுவதும் போனதாக மகனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. நம்மிடம் இருக்கிறது.

முதல் முயற்சியில் அசடு வழிந்தேன்

"பத்து நிமிஷத்தில் காலண்டர் போட்டுத் தருகிறேன்" என்று எக்ஸெல்லைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்றாம் மாதம் முதல் தேதி என்பதற்கு 3-1 என்று ஒரு செல்லில் டைப் செய்து என்டர் தட்டினேன். செல்லில் 3-ஜனவரி என்று வந்து நின்றது. மாயஉலகத்தில் ஏது ஜனவரி? பார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என்று மாற்றினேன். அந்த இடத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று வந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

நீங்களும் இதில் மாட்டியிருப்பீர்கள். வீட்டு எண் 5-9 என்று டைப் செய்தால் அது செப்டம்பர் 5 ஆகிவிடும். தவிர்க்க வேண்டுமானால், டைப் செய்வதற்கு முன்பே அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்து பார்மட் செல்ஸில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் என்னைப்போல எண்தான் கிடைக்கும்.

ஆனால் அந்த ஐந்து இலக்க எண்தான் எனக்கு வழி காட்டியது. எக்ஸெல்லுக்கு மாதமும் தெரியாது, வருடமும் தெரியாது. 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 என்று வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து நாட்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான். 2000 ஜனவரி 1 அதற்கு 36526ஆம் நாள். தேதி, மாதம் என்று திரையில் தெரிவதெல்லாம் நமக்காகப் போட்டுக்காட்டும் வேஷம்.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். எக்ஸெல்லில் ஒரு செல்லில் 60 என்று டைப் செய்து, அதன் பார்மட்டை டேட் என்று மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் வரவே இல்லை! நூறால் வகுபடும் ஆண்டுகள் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 வகுபடாது. எக்ஸெல்லுக்கு முன்பு கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3 என்ற சாப்ட்வேர் 1900ஐ லீப் ஆண்டு என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதில் தயாரித்த பைல்கள் எக்ஸெல்லிலும் சரியாகத் திறக்க வேண்டும் என்பதற்காக மைக்ரோசாப்ட் அந்தத் தவறை அப்படியே வைத்துக்கொண்டது. இன்றும் இருக்கிறது. லிப்ரேஆபீஸ் கால்க் சாப்ட்வேரில் அதே 60ஐ டைப் செய்து மாற்றினால் பிப்ரவரி 28 என்று காட்டும். அது 1899 டிசம்பர் 30ஐ பூஜ்யமாக வைத்து எண்ணுவதால், 1900 மார்ச் 1 முதல் இரண்டும் ஒத்துப்போய்விடுகின்றன.

விண்டோஸ் தன் பைல்களுக்கு 1601 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது. யூனிக்ஸ் குடும்பத்துக் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகின்றன. ஆளுக்கொரு தொடக்க நாள். ஆனால் முறை ஒன்றுதான்: ஒரு நாளை முதலாக வைத்துக்கொள், பிறகு விடாமல் எண்ணு. மாயஉலகத்துக்கும் இதையே செய்தால் என்ன?

முதலில் எண்கள்

காலண்டர் போடுவதற்கு முன் நிலாக்களைச் சரிசெய்ய வேண்டும். மகளின் உலகத்தில் ஓர் ஆண்டுக்கு 360 நாட்கள். ஏழு ஆண்டுக்கு 2520 நாட்கள். அப்படியானால் இரண்டு நிலாக்களின் நாட்களுக்கும் மீச்சிறு பொது மடங்கு 2520 ஆக இருக்க வேண்டும். இதற்கு எக்ஸெல்லிலும் கால்க்கிலும் ஒரு பங்ஷன் உண்டு. சமக் குறி போட்டு, எல், சி, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களையும் கமா போட்டுக் கொடுத்தால் விடை வந்துவிடும்.

30, 12 கொடுத்தோம். 60. 29, 13 கொடுத்தோம். 377. இரண்டு எண்களுக்கும் பொதுவான வகுத்தி இல்லாவிட்டால் விடை சட்டென்று பெரிதாவதை மகளே கண்டுபிடித்தாள். ஆனாலும் அது ஓர் ஆண்டுக்குக் கொஞ்சம்தான் அதிகம். மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டே போய் மூன்று ஜோடிகளைப் பிடித்தோம். 35ம் 72ம், 40ம் 63ம், 45ம் 56ம். மூன்றுக்குமே விடை 2520. அவளுக்குப் பிடித்தது 40ம் 63ம். 360ஐ நாற்பதால் வகுத்தால் ஒன்பது மாதம், மாதத்துக்கு நாற்பது நாள், மிச்சமே இல்லை.

எந்த நிலாவுக்கு எந்த எண்? ஒரு கிரகத்தைச் சுற்றும் நிலாக்களில் தொலைவில் இருப்பதுதான் மெதுவாகச் சுற்றும். செம்பி சிறியதாகத் தெரிவது தொலைவில் இருப்பதால் என்று வைத்துக்கொண்டால், 63 செம்பிக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் "வேகமாக ஓடும் குட்டி நிலா" என்று எழுதியிருந்ததை அவள் அடித்துத் திருத்தினாள். கொஞ்சம் வருத்தம்தான்.

இனி எக்ஸெல் ஷீட்

எக்ஸெல் இல்லாதவர்கள் காசு செலவழிக்க வேண்டாம். லிப்ரேஆபீஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க்கில் இதே வேலையைச் செய்யலாம்.

புதிய ஷீட்டில் முதல் வரிசையில் ஏழு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: நாள், ஆண்டு, மாதம், தேதி, கிழமை, பாலி, செம்பி. ஏ2 செல்லில் 0 என்று டைப் செய்யுங்கள். இரண்டு நிலாவுக்கும் சேர்ந்து பௌர்ணமி வந்த நாள் அது. அதைத்தான் கதையின் தொடக்க நாளாக வைத்தோம். ஏ3ல் =ஏ2+1 என்ற பார்முலாவைக் கொடுங்கள்.

நமக்குத் தேவையான பங்ஷன்கள் இரண்டே இரண்டு. ஒன்று, மாட். ஆங்கிலத்தில் எம், ஓ, டி. வகுத்தபின் மிஞ்சும் மீதியைச் சொல்லும். இன்னொன்று, இன்ட். ஐ, என், டி. பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும். இங்கே தமிழில் அச்சாகியிருக்கும் பார்முலாக்களைக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பி2ல்: =இன்ட்(ஏ2/360)+1
சி2ல்: =இன்ட்(மாட்(ஏ2,360)/40)+1
டி2ல்: =மாட்(ஏ2,40)+1
இ2ல்: =மாட்(ஏ2,7)+1
எஃப்2ல்: =மாட்(ஏ2,40)
ஜி2ல்: =மாட்(ஏ2,63)

சில கம்ப்யூட்டர்களில் கமாவை ஏற்காமல் பிழை காட்டும். அங்கே கமாவுக்குப் பதில் செமிகோலன் போடுங்கள்.

இப்போது இவற்றை 2520 நாட்களுக்கும் காப்பி செய்ய வேண்டும். மவுஸை இழுத்துக்கொண்டே போனால் கை வலிக்கும். பார்முலா பாருக்கு இடது ஓரத்தில், நீங்கள் நிற்கும் செல்லின் பெயரைக் காட்டும் சின்னக் கட்டம் இருக்கிறதல்லவா? அதற்கு நேம் பாக்ஸ் என்று பெயர். அதில் ஏ3:ஏ2522 என்று டைப் செய்து என்டர் தட்டினால் அத்தனை செல்களும் தேர்வாகிவிடும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு டி தட்டுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பிவிடும். அதேபோல் பி2:ஜி2522 கொடுத்து மறுபடியும் கண்ட்ரோல் டி. ஏழு ஆண்டுக் காலண்டர் தயார்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க 442ஆம் வரிசைக்குப் போங்கள். நாள் 440, ஆண்டு 2, மாதம் 3, தேதி 1, கிழமை 7, பாலி 0, செம்பி 62 என்று இருக்க வேண்டும். பாலி, செம்பி பத்திகளில் 0 என்றால் அந்த நிலாவுக்குப் பௌர்ணமி. 62 என்றால் செம்பிக்கு நாளை பௌர்ணமி.

எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்

தலைப்பு வரிசையில் ஒரு செல்லைக் கிளிக் செய்து, டேட்டா பகுதியில் உள்ள பில்டரைத் தேர்ந்தெடுங்கள். கால்க்கில் அதன் பெயர் ஆட்டோபில்டர். ஒவ்வொரு தலைப்பிலும் சின்ன அம்புக்குறி வரும். பாலி பத்தியின் அம்புக்குறியைக் கிளிக் செய்து 0 மட்டும் டிக் செய்தால் 64 வரிசைகள் மிஞ்சும். கூடவே செம்பியிலும் 0 மட்டும் கொடுத்தால் இரண்டே வரிசை: நாள் 0, நாள் 2520. ஏழு ஆண்டு முடிந்து எட்டாம் ஆண்டின் முதல் தேதி. கோட்டைக் கதவு இனி யார் கேட்டாலும் அசையாது.

அத்தோடு எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். மகள்தான் மவுஸை வாங்கி, செம்பியில் 0ஐ எடுத்துவிட்டு 62ஐ டிக் செய்தாள். "ஒரு நாள் முன்னே பின்னே இருந்தா?" என்றாள். ஒரே ஒரு வரிசை வந்தது. நாள் 440. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் மாதம், முதல் தேதி. அன்று பாலிக்குப் பௌர்ணமி. செம்பிக்கு மறுநாள்தான் பௌர்ணமி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 63 நாளில் சுற்றும் நிலா, பௌர்ணமிக்கு முந்தின இரவில் நூற்றில் 99 பங்குக்கு மேல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். வெறும் கண்ணுக்கு அது முழு நிலாதான். அதாவது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து "ஆஹா, இரட்டைப் பௌர்ணமி" என்று மலைக்கு ஓடுவார்கள். கதவு திறக்காது. நாட்களை எண்ணிவைத்திருக்கும் கோட்டைக் கணியன் ஒருவனுக்குத்தான் அது பொய் இரவு என்று தெரியும். தெரிந்தும் சொல்லாமல் காணிக்கை வாங்கினால்?

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்தாள். நான் யோசித்துச் சொன்னதில்லை இது. மீதிக் கணக்கிலிருந்து விழுந்த வில்லன்.

செம்பியில் 1 என்று கொடுத்தால் இன்னொரு பொய் இரவும் உண்டு. 2080ஆம் நாள், ஆறாம் ஆண்டு எட்டாம் மாதம் முதல் தேதி. அதை இரண்டாம் பாகத்துக்கு வைத்துக்கொள்கிறாளாம்.

கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்

நீங்களும் வீட்டுப் பிள்ளைகளோடு இப்படி ஒரு காலண்டர் செய்வதாக இருந்தால் ஒரு யோசனை. எல்லாம் மீதியில்லாமல் வகுபடும்படி எண்களை எடுக்காதீர்கள். நம் பூமியையே பாருங்கள். ஆண்டு சுமார் 365.24 நாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.53 நாள். பன்னிரண்டு பௌர்ணமிக்கு 354 நாள்தான் ஆகிறது. மிச்சம் 11 நாள். இந்தப் பதினொரு நாளை என்ன செய்வது என்பதில்தான் உலகத்துக் காலண்டர்கள் பிரிகின்றன. இஸ்லாமியக் காலண்டர் நிலாவோடு போகிறது. அதனால் ரம்ஜான் ஒவ்வொரு ஆண்டும் முன்னால் நகர்கிறது. நாம் ஆபீசில் மாட்டியிருக்கும் காலண்டர் நிலாவைக் கண்டுகொள்வதே இல்லை. யூதர்கள் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நம் தமிழ் மாதங்கள் சூரியன் ராசி மாறுவதைப் பார்த்துப் பிறப்பவை. அதனால்தான் ஒரு மாதத்துக்கு 29 நாள், இன்னொரு மாதத்துக்கு 32 நாள்.

டோல்கீன் தன் ஹாபிட்டுகளுக்கு 30 நாளில் 12 மாதம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஐந்து நாளை எந்த மாதத்திலும் சேர்க்காமல் பண்டிகை நாட்களாக வைத்தார். நடு ஆண்டு நாளுக்குக் கிழமையே கிடையாது. லீப் ஆண்டில் கூடும் நாளுக்கும் அப்படியே. அதனால் எந்த ஆண்டிலும் ஒரே தேதிக்கு ஒரே கிழமைதான். கிழமையில்லாத நாள் என்ற அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் உலகத்தில் மிச்சம் வருவது கிழமையில். 360ஐ ஏழால் வகுத்தால் 3 மீதி. எனவே ஒவ்வொரு புத்தாண்டும் மூன்று கிழமை தள்ளிப் பிறக்கும். ஏழு ஆண்டில் பழைய கிழமைக்கே திரும்பிவிடும்.

மணிக்கணக்கில் மகள் ஒரு புதுமை கேட்டாள். ஒரு நாளுக்கு 24 மணி வேண்டாம், 10 மணி போதும் என்றாள். அதையும் மனிதர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793ல் நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 விநாடி என்று சட்டமே போட்டார்கள். வாரத்துக்கும் பத்து நாள். பழைய கடிகாரத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? 1795லேயே அந்த மணிக்கணக்கைக் கட்டாயமில்லை என்று கைவிட்டார்கள். காலண்டர் 1806 பிறக்கும் வரை தாக்குப்பிடித்தது. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்தவர்களை ஒன்பது நாள் உழைக்கச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ஸ்வாட்ச் கம்பெனி 1998ல் நாளை 1000 பீட் ஆகப் பிரித்து இன்டர்நெட் நேரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு பீட் 86.4 விநாடி. அந்தப் பிரெஞ்சு நிமிடமும் அதே 86.4 விநாடிதான்! அதுவும் மக்களிடம் ஒட்டவில்லை.

ஒன்று கவனித்தேன். பத்து மணி நாளில் ஒரு மணி என்பது நம் 144 நிமிடம். நாழிகைக்கு 24 நிமிடம். ஆக, ஒரு மணி என்பது சரியாக ஆறு நாழிகை. கதையில் அவள் "மணி" என்று எழுதவே இல்லை. "ஆறு நாழிகை கழித்து" என்றே எழுதிவிட்டாள்.

வயதில் மட்டும் ஜாக்கிரதை. ஆண்டுக்கு 500 நாள் என்று வைத்துவிட்டு, பத்து வயதுக் குழந்தை என்று எழுதினால் அது நம் கணக்கில் பதின்மூன்று வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை.

ஷீட்டைச் சேவ் செய்யும்போது தேதி போட்டு ஒரு காப்பியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்றாம் பத்தியில் தெரியாமல் ஒரு எண்ணை அடித்து, அது எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பொய் இரவு அத்தியாயத்தை அவள் எழுதி முடித்து, 440ஆம் நாள் வரும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, அந்த வரிசையில் சிவப்பு மையால் கோடு போட்டு, கேள்வி கேட்ட தோழியிடமே கொடுத்திருக்கிறாள். தோழி மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள்: "ரெண்டு நிலா இருந்தா கடல் எப்படி ஏறி இறங்கும்?" ஷீட்டில் எட்டாவதாக ஒரு பத்தி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.